‘ஆபரேஷன் தாங்காது’ என்று முடிப்பதற்கு முன்

(புதுச்சேரி உப்பளத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கியமும் வரலாறும் பேசப்படும் மேடைக்கு மார்பு அறுவைச் சிகிச்சை செய்கிற ஒருவனை அழைத்திருக்கிறீர்கள். என்ன பேசட்டும் என்று கேட்டதற்கு, “எங்கள் தெருவில் இருக்கிறவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி பேசுங்கள்” என்று சொன்னார்கள். அதனால் நான் தினமும் பார்க்கிற ஒரு சிக்கலையே எடுத்துக்கொண்டேன். நுரையீரல் புற்றுநோய் தொடக்க நிலையிலேயே தெரிந்துவிடுகிறது. ஆனால் நோயாளியின் உடம்பு ஆபரேஷனுக்குத் தோதாக இல்லை. அப்போது என்ன செய்வது?

ஒரு பெரியவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வயது 72. முதலியார்பேட்டை மில்லில் நூற்புப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவர். பீடியை விட்டுச் சில வருஷம்தான் ஆகிறது. சர்க்கரை உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்கும். கண் ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு சின்ன நிழல் தெரிகிறது. சி.டி. ஸ்கேனில் அளந்தால் 18 மில்லிமீட்டர். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தால் புற்றுநோய். பெட் ஸ்கேனில் வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை. இவர் குறிப்பிட்ட யாரும் அல்லர். என்னிடம் வருகிற பலரைச் சேர்த்து நான் வரைந்த உருவம். இவருடைய மகன் கேட்கிற கேள்வி மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: “சார், அப்பாவுக்கு ஆபரேஷன் தாங்குமா?”

“இந்த வயசுல, இந்த மூச்சுல தாங்காது. கூட்டிட்டுப் போய் நல்லா பாத்துக்குங்க” என்று பதில் வருகிறது. குடும்பமும் அதை விதி என்று ஏற்றுக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறது. பெரும்பாலான நேரங்களில் இந்தப் பதில் தவறு. எந்த அளவீடும் இல்லாமல், ஒரே ஒருவர், ஒரே நிமிஷத்தில் சொல்லிவிடுகிற பதில் என்பதால் தவறு. முதல் நிலையில் உள்ள நுரையீரல் புற்றுநோயைச் சிகிச்சையே இல்லாமல் விட்டால், அது பெரும்பாலோரை ஐந்து வருஷத்துக்குள் கொண்டுபோய்விடும். வயதானவர், இருக்கிறவரை இருக்கட்டும் என்று விடுவதற்கு இது அவ்வளவு சாதுவான நோய் இல்லை.

உப்பளத்தில் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. பக்கத்தில் முதலியார்பேட்டை. ரோடியர் மில் என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்லும் ஏ.எஃப்.டி. 2020-ல் மூடப்பட்டது, அங்கே வேலை பார்த்தவர்களின் நுரையீரல்கள் இன்னும் நம் நடுவில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன. பஞ்சுத் தூசி பல வருஷம் உள்ளே போனால் மூச்சுக்குழாய் சுருங்கும். வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகுவது அந்த நோயின் முதல் அடையாளம். மில் தொழிலாளர் குடும்பங்களில் இதைச் சொல்லத் தெரியாதவர்கள் குறைவு. பஞ்சுத் தூசி புற்றுநோய்க்குக் காரணமாகக் கருதப்படுவதில்லை. ஆனால் பீடி புற்றுநோயைக் கொடுக்க, தூசியும் பீடியும் சேர்ந்து மூச்சுத் திறனைத் தின்றுவிட, ஆபரேஷன் தேவைப்படுகிற நேரத்தில் அதைத் தாங்கும் கையிருப்பு குறைந்துபோகிறது. பீடியைத் தொடாமல் விறகடுப்புப் புகையிலேயே சமைத்த தாய்மார்களும் இந்த வரிசையில் வருகிறார்கள். ஆபத்து மிகுந்த நோயாளி என்று மருத்துவ நூல்கள் பொதுவாக எழுதுகிறவர்கள் நம் ஊரில் மூன்றாவது வீட்டுக்காரர்கள்.

கொஞ்சம் வரலாறு சொல்லிக்கொள்கிறேன். பாரிஸில் லாயென்னெக் 1816-ல் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தார்; 1819-ல் அதைப் பற்றிய நூலை வெளியிட்டார். அதற்கு நான்கே வருஷம் கழித்து, 1823-ல், புதுச்சேரியில் பிரெஞ்சு மருத்துவப் பள்ளி தொடங்கியது. அந்தப் பள்ளியே பின்னாளில் தன்வந்தரி மருத்துவக் கல்லூரியாகி, 1964-ல் ஜிப்மர் ஆனது. ஆக நெஞ்சில் காது வைத்துக் கேட்கிற கலை இந்த ஊருக்கு மிக முன்பே வந்துவிட்டது. நெஞ்சைத் திறக்கிற கலை வெகுகாலம் கழித்துத்தான் வந்தது, அதுவும் டி.பி.யின் வழியாக. சென்னைக்கு வெளியே தாம்பரத்தில் டாக்டர் டேவிட் சவுரி முத்து 1928-ல் சானடோரியம் தொடங்கினார். வேலூர் சி.எம்.சி.யில் 1940களின் கடைசியில் அமெரிக்க மருத்துவர் ரீவ் பெட்ஸ் மார்பு அறுவைச் சிகிச்சைத் துறையை நிறுவினார். நாட்டில் அந்தத் துறை வேர்விட்ட இடங்களில் அது முதன்மையானது. டி.பி.க்கு நல்ல மருந்து வருவதற்கு முன், விலா எலும்புகளை எடுத்து மார்பைச் சரியவைத்து, நோய்ப்பட்ட நுரையீரலை ஓய்வில் போடுவார்கள். அப்படி ஆபரேஷன் மேஜைக்கு வந்தவர்கள் எல்லோரும் எலும்பும் தோலுமாக, பாதி மூச்சில் இருந்தவர்கள். நெஞ்சு ஆபரேஷன் என்ற துறையே பலவீனமானவர்களிடம்தான் தொழில் கற்றது. திடமானவர்களுக்கு மட்டும்தான் ஆபரேஷன் என்று இன்று சொல்வது அந்த வரலாற்றுக்கே பொருந்தாது.

நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரு முழு நுரையீரலையும் எடுத்து நோயாளி பிழைத்த முதல் ஆபரேஷன் 1933 ஏப்ரல் 5-ஆம் தேதி அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் நடந்தது. செய்தவர் எவர்ட்ஸ் கிரகாம். நோயாளியும் ஒரு மருத்துவர். பிட்ஸ்பர்க்கில் மகப்பேறு பார்த்தவர். நுரையீரலின் பெரும்பிரிவான மடல் ஒன்றை எடுக்கத்தான் நெஞ்சைத் திறந்தார்கள். திறந்த பிறகே முழு நுரையீரலையும் எடுத்தாக வேண்டும் என்று தெரிந்தது. அந்த நோயாளி மீதி நுரையீரலோடு முப்பது வருஷம் இருந்து 1963-ல் காலமானார். கிரகாமே புகைப்பவர். 1950-ல் வைண்டர் என்ற இளம் மாணவரோடு சேர்ந்து, சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிய கட்டுரையை எழுதினார். 1957-ல் அதே நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். அவர் கையால் நுரையீரலை இழந்தவர் அவரைவிட ஆறு வருஷம் கூடுதலாக வாழ்ந்தார்.

இனி நம் பெரியவரிடம் வருவோம். தாங்குமா என்று மகன் கேட்டால், முதலில் அளக்க வேண்டும். வலதிலும் இடதிலும் சேர்த்து நுரையீரலை 19 கூறுகளாகக் கணக்கிடுவது வழக்கம். வலது மேல் மடலில் மூன்று, வலது கீழ் மடலில் ஐந்து என்று ஒவ்வொரு மடலுக்கும் ஒரு எண்ணிக்கை உண்டு. குழாயில் ஊதச் சொல்லும் பரிசோதனையில், முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று பார்ப்போம். நம் பெரியவருக்கு அது, அவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 45 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது மேல் மடலை முழுதாக எடுத்தால் மூன்று கூறு போகும். மீதி சுமார் 38 சதவீதம். ஒரே ஒரு கூறை எடுத்தால் சுமார் 43 சதவீதம் மிஞ்சும். ஐந்து கூறுள்ள வலது கீழ் மடல் என்றால் 33-க்கு இறங்கிவிடும். காகிதத்தில் போடுகிற இந்தக் கணக்கு ‘தாங்காது’ என்ற சொல்லைவிட எவ்வளவோ மேல். எந்த இடத்தில் கட்டி, எவ்வளவு எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே மனிதருக்கு மூன்று பதில் கிடைக்கிறது, பாருங்கள்.

ஊதுகிற பரிசோதனை மட்டும் போதாது. காற்றுப் பைகளிலிருந்து வாயு ரத்தத்துக்குள் எவ்வளவு கடக்கிறது என்பதையும் அளக்க வேண்டும். பல இடங்களில் இது விட்டுப்போகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு இந்த இரண்டும் 60 சதவீதத்துக்கு மேல் மிஞ்சும் என்றால் யோசிக்க வேண்டியதில்லை. 30-க்கும் 60-க்கும் நடுவில் வந்தால் நோயாளியை நடக்கவோ படி ஏறவோ வைத்துப் பார்க்க வேண்டும் என்று 2013-ல் வெளிவந்த அமெரிக்க மார்பு மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டி சொல்கிறது. நிற்காமல் 22 மீட்டர் உயரம் ஏறினால், அதாவது ஏறக்குறைய ஏழு மாடி, அவருக்கு நுரையீரலை வெட்டுகிற ஆபரேஷனின் ஆபத்து குறைவு. முடியாவிட்டால் அத்தோடு கதை முடியவில்லை. சைக்கிள் மிதிக்க வைத்து உடம்பு எடுத்துக்கொள்கிற ஆக்சிஜனை அளக்கும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஒரு கிலோ எடைக்கு நிமிஷத்துக்கு 20 மில்லிக்கு மேல் என்றால் பயமில்லை. 10-க்குக் கீழே என்றால் மடலை எடுக்கிற ஆபரேஷனைக் கைவிடுவது நல்லது. நடுவில் இருப்பவர்களுக்குத்தான் நிதானமான யோசனை தேவை. படி ஏற்றிப் பார்ப்பதற்குச் செலவே கிடையாது. கூட ஒருவர் ஏறி, விரல் நுனியில் ஆக்சிஜன் கருவியை மாட்டிப் பார்த்தால் போதும். என்னைக் கேட்டால், ஆபரேஷன் வேண்டாம் என்று எழுதுகிற ஒவ்வொரு மருத்துவரும் அதற்கு முன் நோயாளியை ஒரு மாடியாவது ஏறச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது, எவ்வளவு எடுப்பது? கட்டி உள்ள மடலை முழுதாக எடுப்பதுதான் பல பத்தாண்டுகளாக இலக்கணம். 1995-ல் அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று 247 நோயாளிகளை வைத்து வெளியிட்ட முடிவு அதற்கு முத்திரை வைத்தது: மடலைவிடக் குறைவாக எடுத்தவர்களுக்கு அதே இடத்தில் புற்றுநோய் திரும்புவது மூன்று மடங்கு என்றார்கள். அன்றிலிருந்து, மடலுக்குக் குறைவாக எடுப்பதென்றால் அது வேறு வழியில்லாதவருக்குச் செய்கிற சமரசம் என்ற பெயர் வந்தது. நாங்கள் படித்த காலத்துப் பாடமும் இதுதான்.

அந்தப் பாடம் இப்போது மாறியிருக்கிறது. ஜப்பானில் 1,106 பேரை இரண்டாகப் பிரித்து, 2 சென்டிமீட்டர் வரை உள்ள கட்டிகளுக்கு ஒரு பிரிவில் மடலையும் மறு பிரிவில் கூறை மட்டும் எடுத்தார்கள். 2022-ல் லான்செட் இதழில் வந்த முடிவில், ஐந்து வருஷம் உயிரோடு இருந்தவர்கள் கூறு எடுத்தவர்களில் 94.3 சதவீதம், மடல் எடுத்தவர்களில் 91.1 சதவீதம். அதே இடத்தில் நோய் திரும்பியது மட்டும் 10.5-க்கு 5.4 என்று கூறு எடுத்தவர்களிடம்தான் அதிகம். அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் மொத்தத்தில் அவர்களே கூடுதலாக வாழ்ந்தார்கள். 2023-ல் வெளிவந்த, 697 பேரிடம் செய்த அமெரிக்கக் குழுவின் ஆய்விலும், ஐந்து வருஷ முடிவில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை: 80.3-க்கு 78.9. அந்த ஆய்வில் குறைவாக எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கூறுகூட எடுக்கவில்லை. கட்டியைச் சுற்றி ஆப்பு வடிவில் வெட்டி எடுத்ததோடு சரி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த இரண்டு ஆய்வுகளிலும் சேர்க்கப்பட்டவர்கள் மடலை எடுத்தாலும் தாங்கக்கூடிய திடமானவர்கள். நம் பெரியவரைப் போன்றவர்கள் இல்லை. அப்படியானால் இவருக்கு இதனால் என்ன பயன்? திடமானவருக்கே கூறு எடுத்தால் போதும் என்று ஆகிவிட்டபோது, பலவீனமானவருக்கு அதைச் செய்வது இனி சமரசம் ஆகாது. முதல் தரச் சிகிச்சையையே அவருக்கும் கொடுக்கிறோம். திடமானவர்களிடம் மூச்சுத் திறனில் கிடைத்த லாபம் சின்னது. ஜப்பானிய ஆய்வில் ஒரு வருஷம் கழித்து இழப்பு 8.5 சதவீதத்துக்கு 12. நூறு ரூபாய் வைத்திருப்பவருக்கு மூன்றரை ரூபாய் பெரிதில்லை. நாற்பதே ரூபாய் வைத்திருப்பவருக்கு அது பெரிது.

ஆபத்து மிகுந்தவர்களையே தேடிச் சேர்த்த ஆய்வும் இருக்கிறது. மூச்சுத் திறன் 50 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ளவர்கள், அல்லது 75 வயதைத் தாண்டியிருப்பது, இதயம் பலவீனமாக இருப்பது போன்ற குறைகளில் இரண்டு உள்ளவர்கள் என்று அமெரிக்க அறுவைச் சிகிச்சைக் குழு ஒன்று 222 பேரைச் சேர்த்தது. மடலுக்குக் குறைவாக எடுத்துவிட்டு, பாதிப் பேருக்குத் தையல் ஓரத்தில் கதிர்வீச்சு அயோடின் விதைகளையும் வைத்தார்கள். விதை வைத்ததால் நோய் திரும்புவது குறையவில்லை. 2014-ல் அந்த யோசனை அத்தோடு போயிற்று. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு எண். இத்தனை ஆபத்து உள்ளவர்களில் ஆபரேஷன் ஆகி 30 நாளுக்குள் இறந்தவர்கள் 1.4 சதவீதம், 90 நாளுக்குள் 2.7 சதவீதம். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டார்கள். நல்ல கைகளில், நல்ல மயக்க மருத்துவரோடு கிடைத்த முடிவு இது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மாணவர்கள் வந்திருப்பதால், கூறை எப்படிப் பிரிக்கிறோம் என்று கொஞ்சம் கிட்டப்போய்ச் சொல்கிறேன். நெஞ்சை விலா விரித்துத் திறக்காமல், விலா எலும்புகளுக்கு நடுவே சிறு துளைகள் போட்டு கேமரா உள்ளே போகிறது. ஆபரேஷன் செய்கிற பக்கத்து நுரையீரலுக்குக் காற்றை நிறுத்தி மற்றதில் மட்டும் மூச்சு விட வைக்க இரட்டைக் குழாய் போடுவார் மயக்க மருத்துவர். மடலுக்கும் மடலுக்கும் நடுவில் இயற்கையே கோடு போட்டிருக்கிறது. கூறுக்கும் கூறுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரிகிற கோடு கிடையாது. பழைய முறைப்படி அந்தக் கூறின் மூச்சுக்குழாயை இறுக்கிவிட்டுக் காற்று ஊதினால், மற்றவை விரியும், அது மட்டும் சுருங்கிக் கிடக்கும். நடுவில் தெரிகிற ஓரமே எல்லை. பீடி பிடித்த நுரையீரலில் இந்தத் தந்திரம் ஏமாற்றும். காற்றுப் பைகளின் சுவர் உடைந்துபோனதால் பக்கத்துக் கூறிலிருந்து காற்று கசிந்து அதுவும் விரிந்துவிடும். அதனால் இப்போது கூறின் ரத்தக் குழாயை முதலில் கட்டிவிட்டு, கையில் உள்ள ரத்த நாளம் வழியாக ஒரு பச்சைச் சாயத்தை ஏற்றுகிறோம். கேமராவை அகச்சிவப்பு ஒளிக்கு மாற்றினால் சில விநாடிகளில் நுரையீரல் முழுதும் பச்சையாக ஒளிரும். ரத்தம் போகாத அந்த ஒரு கூறு மட்டும் கறுப்பாக நிற்கும். ஒளி மங்குவதற்குள் கறுப்பின் ஓரத்தில் மின்கருவியால் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொண்டு, அந்தக் கோட்டின்மேல் ஸ்டேப்ளரை வைத்து வெட்ட வேண்டும். கட்டியிலிருந்து குறைந்தது 2 சென்டிமீட்டர், அல்லது கட்டியின் அளவுக்காவது, நல்ல சதை சேர்ந்து வர வேண்டும். கூடவே நெறிக்கட்டிகளை எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். பெட் ஸ்கேன் சுத்தம் என்று சொன்ன இடத்தில் நெறிக்கட்டியில் நோய் ஒளிந்திருப்பது அப்போதுதான் தெரியவரும். இந்த நெறிக்கட்டி வேலையைச் செய்யாமல் கட்டியை மட்டும் நறுக்கி எடுத்துவிட்டு வெளியே வருகிற ஆபரேஷனை நான் முழு ஆபரேஷன் என்று ஏற்கமாட்டேன்.

உடைந்த நுரையீரலில் இன்னொரு தொல்லை, தையல் ஓரத்தில் காற்றுக் கசிவு. நனைந்த செய்தித்தாளில் தையல் போடுகிற மாதிரி இருக்கும். நெஞ்சிலிருந்து வருகிற குழாயின் பாட்டிலில் குமிழி வந்துகொண்டே இருக்க, நோயாளி ஒரு வாரம் பத்து நாள் வார்டிலேயே கிடக்க நேரும். உயிருக்கு ஆபத்தில்லை, பொறுமையைச் சோதிக்கும். குடும்பத்துக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் ஆபரேஷன் தப்பாகிவிட்டது என்று வார்டில் பேச்சு கிளம்பிவிடும்.

இதே உடைந்த நுரையீரல் சிலருக்கு ஒரு விதத்தில் அனுகூலமாகவும் அமைகிறது. பீடி, சிகரெட் பழக்கத்தால் வருகிற சேதம் பலருக்கு மேல் மடலில்தான் அதிகம். காற்று உள்ளே போய் வெளியே வராமல் அந்த மடல் ஊதிப்போய், கீழே உள்ள நல்ல பகுதியை அழுத்திக்கொண்டிருக்கும். 2003-ல் 1,218 பேரை வைத்து வெளிவந்த அமெரிக்கத் தேசிய ஆய்வு ஒன்று, மேல் மடல் மிகவும் கெட்டு, நடக்கத் திறனும் குறைந்தவர்களுக்கு அந்தக் கெட்ட பகுதியை எடுத்துவிட்டால் ஆயுளும் மூச்சும் கூடுகிறது என்று காட்டியது. புற்றுநோய்க் கட்டியும் அதே கெட்டுப்போன மேல் மடலில் இருந்தால் ஒரே ஆபரேஷனில் இரண்டு காரியம். நான் முதலில் போட்ட 38 சதவீதக் கணக்கு அங்கே பொய்த்துவிடும். வேலை செய்யாத மூன்று கூறை எடுப்பதால் இழப்பு அவ்வளவு இருக்காது, சிலருக்கு மூச்சு முன்னைவிட நன்றாகவே இருக்கும். எல்லோருக்கும் இது பொருந்தாது. மூச்சுத் திறன் 20 சதவீதத்துக்குக் கீழே போய், நுரையீரல் முழுதும் ஒரே சீராகக் கெட்டிருந்தால் அந்த ஆபரேஷன் உயிருக்கு ஆபத்து என்பதும் அதே ஆய்வுக் குழு கண்டதுதான். எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் ஸ்கேன் ஒன்று எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கத்தி வைக்க முடியாதவர்களுக்குக் கதிர்வீச்சு உண்டு. நம் மக்கள் கரண்ட் வைப்பது என்பார்கள். பழைய மாதிரி ஆறு வாரம் தினமும் வைக்கிற கரண்ட் இது இல்லை. மூச்சோடு கட்டி நகர்வதைக் கணக்கிட்டு, பல திசைகளிலிருந்து துல்லியமாக, பெரிய அளவில் மூன்று முதல் எட்டு முறை வைத்து முடித்துவிடுகிறார்கள். ஆபரேஷனுக்கு முடியாதவர்கள் என்று முடிவான 55 பேருக்கு 54 கிரே அளவை மூன்றே தடவையில் கொடுத்த ஆய்வு 2010-ல் வெளிவந்தது. மூன்று வருஷத்தில் கட்டி அடங்கியிருந்தது 97.6 சதவீதம். உயிரோடு இருந்தவர்கள் 55.8 சதவீதம். கட்டி திரும்பவில்லை, இறந்தவர்களில் பலரை இதயமும் நுரையீரலின் பழைய நோயும் கொண்டுபோயின. கட்டி மூச்சுக்குழாயின் நடு மையத்துக்கு அருகில் இருந்தால் மூன்று தடவையில் முடிக்கக் கூடாது. ரத்தக் கசிவு ஏற்பட்டு உயிர் போகும் ஆபத்து உண்டு. அளவைப் பிரித்துப் பல தடவையாகக் கொடுப்பார்கள். கதிர்வீச்சிலும் பக்கவிளைவு உண்டு. குறிப்பாக, நுரையீரல் ஏற்கெனவே இறுகி நார் கட்டியவர்களுக்குக் கதிர்வீச்சும் ஆபத்து, ஆபரேஷனும் ஆபத்து. நாங்கள் அதிகம் தடுமாறுவது அவர்களிடம்தான். ஊசியைக் கட்டிக்குள் செலுத்திச் சூட்டால் கருக்கும் முறையும் உண்டு. சின்னக் கட்டிக்கு, வேறு எதுவும் இயலாதபோது வைத்துக்கொள்ளலாம்.

ஆபரேஷனா கரண்டா, எது மேல் என்று கேட்பீர்கள். இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க ஆரம்பித்த இரண்டு ஆய்வுகள், சேர நோயாளிகள் கிடைக்காமல் பாதியில் நின்றுபோயின. இரண்டையும் ஒன்றாக்கி 2015-ல் வெளியிட்டார்கள். மொத்தமே 58 பேர். மூன்று வருஷத்தில் கதிர்வீச்சுப் பிரிவில் 95 சதவீதம், ஆபரேஷன் பிரிவில் 79 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். 58 பேரை வைத்து ஊருக்கே சட்டம் எழுத முடியாது. ஆனால் அறுவைச் சிகிச்சைக்காரர்கள் அதைத் தூக்கி எறியவும் கூடாது. நான் கத்தி பிடிக்கிறவன். என் கருத்து ஒரு பக்கம் சாயும் என்று தெரிந்தே கேளுங்கள். படி ஏற முடிகிற, கூறு எடுத்த பிறகும் 40-க்கு அருகில் மூச்சு மிஞ்சுகிற பெரியவருக்கு ஆபரேஷனே செய்வேன்; சதை முழுதாகக் கிடைக்கிறது, நெறிக்கட்டி தெரிகிறது, அடுத்த மருந்து வேண்டுமா என்று முடிவெடுக்க அது உதவுகிறது. மிஞ்சுவது 30-க்குக் கீழே, படி ஏற முடியவில்லை, கட்டி ஓரத்தில் இருக்கிறது என்றால், அவரை நானே கையைப் பிடித்துக் கதிர்வீச்சு மருத்துவரிடம் கூட்டிப்போவேன். இரண்டுக்கும் நடுவில் இருப்பவரிடம் இரண்டையும் எதிரில் வைத்து, இரண்டு மருத்துவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து பேச வேண்டும். அவர் விருப்பம் அங்கே எடை பெற வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் தயாரிப்பு. ஆபரேஷன் தேதி வாங்கிய நாளிலிருந்தே பீடியைத் தொடக் கூடாது. சில வாரங்கள் விட்டாலே சளி அடைப்பு குறையும். இழுப்பு உள்ளவருக்கு இன்ஹேலர் ஒழுங்காகப் போடக் கற்றுக்கொடுத்தால் ஊதும் பரிசோதனையின் எண்ணே உயர்வதைப் பார்க்கிறோம். உறிஞ்சினால் மூன்று பந்து மேலே எழும்பும் பிளாஸ்டிக் கருவி உங்களில் பலர் வீட்டு அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். அதை ஆபரேஷனுக்குப் பிறகு வாங்கித் தருவதைவிட, முன்னாலேயே வாங்கிப் பழக வேண்டும். தினமும் கடற்கரையில் நடக்கச் சொல்லுங்கள். முட்டையோ மீனோ பருப்போ, புரதம் சேர்க்கச் சொல்லுங்கள். மெலிந்து போனவருக்குத்தான் புண் ஆறத் தாமதமாகும், நிமோனியா வரும். ஆபரேஷனுக்கு மறுநாளே எழுந்து நடக்க வேண்டும். வலியைத் தாங்கிக்கொண்டு படுத்துக் கிடப்பது பொறுமையில் சேராது. வலி இருந்தால் இருமமாட்டார், இருமாவிட்டால் சளி தங்கும், சளி தங்கினால் நிமோனியா. முதுகுத்தண்டின் பக்கத்தில் நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசிக்கு அதனால்தான் இத்தனை முக்கியத்துவம்.

இவ்வளவும் நோய் சின்னதாக இருக்கும்போது கண்டுபிடித்தால்தான். நம் நாட்டில் பெரும்பாலோர் முற்றிய நிலையில்தான் வருகிறார்கள். புகை பிடித்தவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்துத் தேடினால் நுரையீரல் புற்றுநோயால் வருகிற சாவு 20 சதவீதம் குறைகிறது என்று 53,454 பேரை வைத்து 2011-ல் அமெரிக்காவில் நிரூபித்தார்கள். அதை அப்படியே இங்கே கொண்டுவருவது எளிதில்லை; பழைய டி.பி. தழும்பு எத்தனையோ பேருக்கு இருக்கிறது, ஒவ்வொரு தழும்புக்கும் ஊசி போட முடியாது. ஆனால் தற்செயலாகத் தெரிந்த நிழலையாவது கைவிடக் கூடாது. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததும், சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்க்காமலேயே டி.பி. மாத்திரை ஆரம்பிப்பது இன்றும் நடக்கிறது. நானும் இதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். ஆறு மாத மாத்திரை முடிகிறவரை காத்திருந்து, அப்புறம் வருகிறபோது 18 மில்லிமீட்டர் கட்டி கையை மீறிவிடுகிறது. “போன எக்ஸ்ரேயும் இதுவும் ஒரே மாதிரிதான் இருக்கு” என்று ஆறுதல் சொல்வதும் ஆபத்து. உருண்டையான ஒரு கட்டி அளவில் இரண்டு மடங்கானாலும் குறுக்களவு கால் பங்குதான் கூடும். 16 மில்லிமீட்டர் 20 ஆனால் புற்றுநோய் இரட்டிப்பாகிவிட்டது என்று பொருள். எக்ஸ்ரேயில் கண்ணால் பார்த்து அந்த நான்கு மில்லிமீட்டரைப் பிடிப்பது கடினம்.

கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. அங்கேயே அரசு மார்பு நோய் மருத்துவமனையும் இருக்கிறது. உப்பளத்திலிருந்து பஸ் ஏறினால் அதிக நேரம் ஆகாது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இதற்காக இரவெல்லாம் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டும் நம் ஊர்ப் பெரியவர் ‘தாங்காது’ என்ற ஒரு வார்த்தையோடு வீட்டுக்குப் போகக் கூடாது. மார்பு மருத்துவர், அறுவைச் சிகிச்சை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், மயக்க மருத்துவர் நால்வரும் வாரத்தில் ஒரு பிற்பகல் ஒரே அறையில் உட்கார்ந்து, இப்படிப்பட்ட நோயாளிகளை மட்டும் பார்க்கிற ஏற்பாடு ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் இருந்தாக வேண்டும். இந்தக் கூட்டத்தில் இருக்கிற இளம் மருத்துவர்களை அதற்காகவே கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். பழைய எக்ஸ்ரேயையும் ஸ்கேனையும் பத்திரமாக வைத்திருங்கள்; புதியதோடு ஒப்பிட அதைவிட நல்ல சாட்சி கிடையாது. டி.பி. மாத்திரை சாப்பிட்டு இரண்டு மாதத்தில் நிழல் குறையவில்லை என்றால் சி.டி. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுப் பெரியவருக்கு ஆபரேஷன் தாங்காது என்று யாராவது சொன்னால் கோபப்பட வேண்டாம். ஊதும் பரிசோதனையில் எத்தனை சதவீதம், படி ஏற்றிப் பார்த்தீர்களா, கதிர்வீச்சு மருத்துவர் என்ன சொன்னார் என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் கிடைக்கிறவரை அவரை வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள்.